கழுத்து நாளத்தின் குரல்

குரல்வளைக்குச் சற்று அப்பால், கழுத்தின் ஒரு புறத்தில் மெல்ல விரல் வைத்துப் பார்த்தால் ஒரு துடிப்புத் தெரியும். இதயத்திலிருந்து மூளைக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெரிய நாளம் அது. இரு புறத்திலும் ஒவ்வொன்றாக அமைந்த இந்நாளங்களைக் கரோடிட் தமனிகள் என்று மருத்துவ நூல்கள் வழங்குகின்றன. ஆழ்ந்த மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு பிறந்த பெயர் இது. இவற்றை அழுத்தினால் மயக்கம் உண்டாகும் என்று பண்டைக் கிரேக்கர் கருதினர். மூளையின் பிணிக்கும் கழுத்தின் நாளத்துக்கும் உறவு உண்டு என்னும் குறிப்பு அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. ஆயினும் அக்குறிப்பின் முழுப்பொருளை மருத்துவ உலகம் உணர்வதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

பக்கவாதம் என்று தமிழர் கூறும் நோயைத் தெலுங்கர் பக்ஷவாதம் என்பர். வங்காளத்திலும் கேரளத்திலும் பக்ஷாகாதம் என்னும் சொல்லின் உருவங்கள் வழங்குகின்றன. வட மாநிலங்களில் மக்கள் நாவில் புழங்கும் சொல் லக்வா. ஆங்கிலேயர் அதனை 'அடி' என்றே பெயரிட்டனர். பழைய கிரேக்கப் பெயருக்கும் அடிபட்டு வீழ்தல் என்பதே பொருள். நேற்று வரை நன்றாயிருந்த மனிதர் இன்று ஒரு பக்கம் செயலற்றுக் கிடப்பதைக் கண்டவர்கள் வேறு எவ்வாறு பெயரிடுவர்? ஆனால், எல்லாருக்கும் அந்த அடி முன்னறிவிப்பின்றி விழுவதில்லை. சிலருக்கேனும் கழுத்து நாளம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. உடலைக் கீறாமல் அந்த எச்சரிக்கையைக் கேட்க மனிதன் கற்ற வரலாறே இவ்வுரையின் பொருளாகும்.

ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த வெப்பர் என்னும் மருத்துவர், இந்நோயால் இறந்தவர்களின் மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்ததைக் கண்டு 1658-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1664-ல், இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் மூளையின் அமைப்பைப் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். மூளையின் அடிப்பகுதியில் நாளங்கள் ஒன்றோடொன்று இணைந்து வளையமாக அமைந்திருப்பதை அந்நூல் தெளிவாகக் காட்டியது. அவ்வளையம் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வேறு நோயால் இறந்த ஒருவரின் உடலை ஆராய்ந்தபோது, கழுத்து நாளங்களுள் ஒன்று அடைபட்டிருந்ததை வில்லிஸ் கண்டார். அம்மனிதரோ வாழ்நாளில் பக்கவாதத்தால் வருந்தியவர் அல்லர். ஒரு வழி அடைபட்டபோது வளையத்தின் மறு வழியே இரத்தம் மூளைக்குச் சென்றிருக்கிறது. இயற்கை அமைத்த இந்த மாற்று வழி எல்லாருக்கும் ஒன்றுபோல் நிறைவாக அமைவதில்லை. ஆகையால்தான் ஒரே அளவான அடைப்பு ஒருவரைத் தீண்டாமல் விட்டு, மற்றொருவரை வீழ்த்துகிறது.

இதன் பிறகும் நெடுங்காலம் மருத்துவர்களின் பார்வை மூளையை விட்டு அகலவில்லை. இறந்தவரின் மூளையை ஆராய்ந்தவர்கள் கழுத்தைத் திறந்து பார்ப்பது அரிதாகவே இருந்தது. அந்தப் பார்வையை மாற்றியவர் கனடா நாட்டு மருத்துவர் மில்லர் ஃபிஷர். மான்ட்ரியால் நகரில் பணியாற்றிய அவர், பக்கவாதம் வந்த நோயாளிகளின் சொற்களுக்குப் பொறுமையாகச் செவி சாய்த்தார். பக்கவாதம் தாக்குவதற்கு முன்பு சில நிமிடங்கள் ஒரு கண் இருண்டு, பின்னர் தெளிந்தது என்று கூறியோர் அவர்களுள் இருந்தனர். வியப்பு என்னவெனில், செயலிழந்தது இடக் கை என்றால், இருண்டது வலக் கண்ணாக இருந்தது.

இம்முரண்பாட்டுக்கு விடை கழுத்தில் இருந்தது. மூளையின் வலப்பாதி உடலின் இடப்புறத்தை ஆள்கிறது. வலக் கண்ணுக்கும் மூளையின் வலப்பாதிக்கும் இரத்தம் அளிப்பது வலக் கழுத்து நாளம். அந்த ஒரு நாளத்தில் குறையிருப்பின் வலக் கண்ணும் இடக் கையும் ஒருங்கே துன்புறும் அன்றோ! ஃபிஷர் இறந்தோரின் கழுத்து நாளங்களை ஆராய்ந்து அடைப்பைக் கண்டார். 1951-ல் தம் ஆய்வை வெளியிட்டார். இவ்வடைப்பை அறுவைச் சிகிச்சையால் கடக்கும் நாள் வரும் என்றும் அதில் முன்னுரைத்தார்.

அடைப்பு உண்டாகும் விதத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறலாம். தாடைக்குக் கீழே கழுத்து நாளம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும் மற்றொரு கிளை மூளைக்கும் செல்கின்றன. ஆறு கிளை பிரியும் இடத்தில் வண்டல் தங்குவது போல, இப்பிரிவில் இரத்த ஓட்டம் சுழிக்கும் இடத்தில் கொழுப்பும் சுண்ணமும் நாளச் சுவரில் படிகின்றன. மூப்பு, புகை பிடித்தல், உயர்ந்த இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு ஆகியவை அப்படிவை வளர்க்கின்றன. படிவிலிருந்து ஒரு துணுக்கோ, அதன்மேல் உறைந்த இரத்தமோ பெயர்ந்து மூளைக்குச் சென்று சிறு நாளம் ஒன்றை அடைத்தால் பக்கவாதம். அத்துணுக்கு விரைவில் கரைந்துவிட்டால், கை மரத்துச் சிறிது நேரத்தில் சரியாகும். நாக் குழறிப் பின் தெளியும். இதுவே வந்து போகும் வாதம். போய்விட்டதே என்று மகிழ்ந்து மறந்துவிடுவது மனித இயல்பு. ஆனால் அதனை அடுத்து வரும் ஓரிரு நாட்களில்தான் முழுமையான பக்கவாதம் தாக்கும் அபாயம் மிகுதி.

ஃபிஷரின் முன்னுரை விரைவிலேயே மெய்யாயிற்று. 1953-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி ஒரு நோயாளியின் கழுத்து நாளத்தைத் திறந்து படிவை அகற்றினார். அச்செய்தியை அவர் விரிவாக வெளியிட்டது பல ஆண்டுகள் கழிந்த பின்னரே. 1954 மே மாதம் 19-ஆம் நாள் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் ஆகியோர் 66 வயதுப் பெண்மணி ஒருவரின் குறுகிய நாளப் பகுதியை நீக்கி இரு முனைகளையும் இணைத்தனர். அவருக்கு அதற்கு முன் 33 முறை வாதம் வந்து வந்து போயிருந்தது. அவ்வாண்டிலேயே 'லான்செட்' இதழ் இச்செய்தியை வெளியிட, உலகெங்கும் மருத்துவர்கள் இச்சிகிச்சையை மேற்கொள்ளலாயினர்.

அறுக்கும் கை தேர்ச்சி பெற்றது. யாரை அறுப்பது என்று காட்டும் கண் இன்னும் தேர்ச்சி பெறவில்லை. போர்ச்சுகல் நாட்டு எகாஸ் மோனிஸ் 1927-ல் கண்ட முறையே அக்காலத்தில் துணை நின்றது. எக்ஸ் கதிருக்குப் புலனாகும் திரவத்தை நாளத்துள் செலுத்திப் படம் பிடிப்பது அம்முறை. படம் தெளிவாகவே விழும். ஆனால் ஊசியோ குழலோ நாளத்தைத் தீண்டும்போது படிவு பெயர்ந்து, தவிர்க்க வந்த பக்கவாதத்தையே வருவிப்பதும் உண்டு. 1995-ல் வெளியான அமெரிக்கப் பேராய்வு ஒன்றில், இப்படம் எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 1.2 பேருக்கு அதனாலேயே பக்கவாதம் நேர்ந்தது. எவ்வித அறிகுறியும் இல்லாதவர்கள் அவர்கள் என்பதை நினைவிற்கொண்டால், இவ்வெண்ணின் கனம் விளங்கும். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் வைத்து இரைச்சலைக் கேட்கலாம், அதனால் தீங்கில்லை. ஆயினும் மிகக் குறுகிய நாளம் மௌனமாக இருப்பதுண்டு. பெரிய கேடற்ற நாளம் இரைவதும் உண்டு. நாளத்தைத் தீண்டாமல் உண்மையைச் சொல்லும் ஒரு வழி தேவைப்பட்டது.

அவ்வழியின் தொடக்கத்தைக் காண நாம் 1842-ஆம் ஆண்டின் பிராகா நகருக்குச் செல்ல வேண்டும். கிறிஸ்டியன் டாப்ளர் சால்ஸ்பர்க் நகரில் 1803-ல் கல்தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். உடல்நலம் குன்றியதால் குலத்தொழிலை விடுத்துக் கணிதம் பயின்று பிராகாவில் பேராசிரியரானார். 1842 மே 25-ஆம் நாள் அந்நகரின் அறிவியற் கழகத்தில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். இரட்டை விண்மீன்களின் நிறம் அதன் பொருள். அலைகளை எழுப்பும் பொருள் நம்மை நெருங்கி வந்தால் அலைகள் நெருக்கமாகவும், விலகிச் சென்றால் அகன்றும் நம்மை அடையும் என்பது அவர் கொள்கை. இது முற்றும் சரியே. விண்மீன்கள் செந்நிறமாகவும் நீலமாகவும் தோன்றுவதற்கு அவற்றின் ஓட்டமே காரணம் என்று அவர் இதிலிருந்து முடிவு கட்டியது பிழை. விண்மீனின் நிறத்தை அதன் வெப்பமே முதன்மையாக நிர்ணயிக்கிறது.

ஒலிக்கு அக்கொள்கை பொருந்துவதைச் சோதித்தவர் ஹாலந்து நாட்டு பைஸ் பாலட். 1845-ல் உட்ரெக்ட் நகருக்கு அண்மையில் ரயில் வண்டியில் கொம்பு வாசிப்போரை ஏற்றி ஓடச் செய்து, தண்டவாளத்தருகே இசைப் பயிற்சியுடையோரை நிறுத்தினார். வண்டி நெருங்கும்போது சுருதி ஏறியும், கடந்தபின் இறங்கியும் கேட்டது. நெடுந்தொலைவு ரயிலில் சென்று சொந்த ஊரைக் காணும் நமக்கு இது புதிதன்று. சிறு நிலையத்தில் நாம் நின்றிருக்க, விரைவு வண்டி ஊதிக்கொண்டே கடந்து செல்லும்போது அதன் ஊதல் சட்டெனத் தாழ்வதைக் கேட்டிருப்போம். டாப்ளர் 1853-ல் வெனிஸ் நகரில் காலமானார். தம் கொள்கை மனித இரத்தத்தின் வேகத்தை அளக்கப் பயன்படும் என்று அவர் கனவிலும் கருதியிருக்க இயலாது.

நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அக்கொள்கையை மனித உடலுக்குள் செலுத்தியவர்கள் ஜப்பானியர். ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிகேயோ சாதோமுரா, செவிக்கு எட்டாத மிக உயர்ந்த அதிர்வுடைய ஒலியை மார்பின்மேல் செலுத்தி, இதயத்தின் அசைவால் எதிரொலி மாறுபடுவதை ஆராய்ந்து 1957-ல் வெளியிட்டார். அடுத்து, அப்பல்கலைக்கழகத்தின் நரம்பு மனநோய்த் துறையைச் சேர்ந்த ஜிரோ கனேகோவுடன் இணைந்து நாளங்களில் ஓடும் இரத்தத்தின் ஒலியை ஆராய்ந்தார். சாதோமுரா 1960-ல், நாற்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், மறைந்தார். ஆனால் பணி நிற்கவில்லை. 1965-ல் மியாசாகி, காதோ என்னும் இருவர், ஒரு பக்கம் செயலிழந்த நோயாளிகளின் வல இடக் கழுத்து நாளங்களை இம்முறையால் ஒப்பிட்டு எழுதினர்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரஷ்மர் தலைமையில் இயங்கிய குழுவினரும் இத்துறையில் இறங்கினர். ஃபிராங்க்ளின், ஷ்லேகல், ரஷ்மர் ஆகியோரின் கட்டுரை 1961-ல் வெளியாயிற்று. கருவியின் செயல் எளிதில் விளங்கக்கூடியது. அதன் முனையிலுள்ள படிகம் நொடிக்குப் பல லட்சம் முறை அதிர்ந்து கேளா ஒலியை எழுப்புகிறது. அவ்வொலி தோலையும் தசையையும் கடந்து, ஓடும் இரத்தத்தின் சிவப்பணுக்களில் பட்டுச் சிதறித் திரும்புகிறது. அணுக்கள் ஓடுவதால் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுகிறது. அனுப்பிய அதிர்வு நொடிக்கு 50 லட்சம் என்றும், இரத்தத்தின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் என்றும், ஒலிக்கற்றை 60 பாகைக் கோணத்தில் சாய்ந்துள்ளது என்றும் கொண்டால், மாற்றம் நொடிக்கு ஏறக்குறைய 3,200 அதிர்வுகள். மனிதச் செவி நன்கு கேட்கக்கூடிய அளவு அது. ஆகவே தொடக்க காலத்தில் மருத்துவர்கள் இம்மாற்றத்தை ஒலிபெருக்கியில் செலுத்திக் காதாலேயே கேட்டனர். நல்ல நாளம் இதயத் துடிப்புக்கேற்ப மென்மையாக ஒலிக்கும். குறுகிய நாளம் சீறும்.

குறுகிய நாளம் சீறுவது ஏன்? தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் பீறிட்டுப் பாய்கிறது. நாளத்தின் விட்டம் பாதியானால் அதன் பரப்புக் கால் பங்காகும். அதே அளவு இரத்தம் செல்ல வேண்டுமெனில் வேகம் நான்கு மடங்காக வேண்டும். 1979-ல் சியாட்டில் ஆராய்ச்சியாளர்களான ஸ்பென்ஸரும் ரீடும், குறுக்கத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை வளைகோடாக வரைந்து வெளியிட்டனர். குறுக்கம் மிகமிக வேகம் ஏறுகிறது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல், நாளம் நூலிழைபோல் ஆகும்போது, இரத்தம் செல்வதே அருகி வேகம் மீண்டும் இறங்கிவிடுகிறது. அந்த இறக்கம் மருத்துவருக்கு ஒரு கண்ணி. வேகத்தை மட்டும் பார்ப்பவர் மிகக் கொடிய குறுக்கத்தை நல்ல நாளம் என்று கொள்ளக்கூடும்.

கேட்பதோடு பார்க்கவும் முடிந்தால் இக்கண்ணியிலிருந்து தப்பலாம். சியாட்டில் குழுவைச் சேர்ந்த பேக்கர், அதிர்வுகளைத் துண்டு துண்டாக அனுப்பிக் குறித்த ஆழத்திலிருந்து வரும் எதிரொலியை மட்டும் பிரித்தறியும் முறையை வளர்த்தார். நாள நோய்களில் வல்லவரான ஸ்ட்ராண்ட்னஸ் என்னும் அறுவை மருத்துவரும் பிறரும் அவருடன் சேர்ந்து, நாளத்தின் உருவத்தையும் இரத்தத்தின் வேகத்தையும் ஒருங்கே காட்டும் இரட்டைக் கருவியை உருவாக்கி 1974-ல் வெளியிட்டனர். 1980-களில் ஓட்டத்தின் திசையையும் வேகத்தையும் நிறங்களாகக் காட்டும் கருவிகள் வந்தன. விண்மீனின் நிறத்தை ஓட்டத்தால் விளக்க முயன்று தவறிய டாப்ளரின் கொள்கை, இரத்தத்தின் ஓட்டத்துக்கு மனிதனே நிறம் தீட்டும் நிலையை எய்தியது.

இனி, எந்த நோயாளிக்கு அறுவைச் சிகிச்சை என்னும் வினா எஞ்சியது. 1991-ல் வட அமெரிக்காவில், வாதம் வந்து போனவர்கள் அல்லது சிறு அளவில் பக்கவாதம் தாக்கியவர்கள் ஆகியோருள், 70 முதல் 99 விழுக்காடு வரை நாளம் குறுகியிருந்த 659 பேரைப் பற்றிய ஆய்வு முடிவு வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குள் அப்பக்கத்துப் பக்கவாதம் நேரும் வாய்ப்பு மருந்து மட்டும் உண்டவர்களுக்கு 26 விழுக்காடு. அறுவைச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு 9 விழுக்காடு. அவ்வாண்டிலேயே ஐரோப்பிய ஆய்வும் இதனை ஒட்டிய முடிவைத் தந்தது. எழுபது என்னும் எண் அன்று முதல் மருத்துவ உலகில் ஓர் எல்லைக்கல் ஆயிற்று.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இவ்விழுக்காடு எக்ஸ் கதிர்ப் படத்தில் நாளத்தின் அகலத்தை அளந்து பெற்றது. டாப்ளர் கருவி அளப்பதோ வேகம். வேகத்தை அகலமாகப் பெயர்த்து எழுதுவது ஒரு வகை மொழிபெயர்ப்பே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர் அறிவர்: ஒரு மொழியின் சொல் மற்றொரு மொழியில் ஏறக்குறைய அதே பொருளைத் தரும், அந்த 'ஏறக்குறைய' என்பதில்தான் தவறுகள் ஒளிந்திருக்கும். மூலத்தை எவ்வாறு அளந்தனர் என்பதிலும் வேறுபாடு உண்டு. வட அமெரிக்கர் குறுகிய இடத்தை அதற்கு மேலுள்ள நல்ல நாளத்தோடு ஒப்பிட்டனர். ஐரோப்பியரோ அவ்விடத்தின் இயல்பான அகலம் இருந்திருக்கக்கூடிய அளவோடு ஒப்பிட்டனர். ஆகவே அமெரிக்கக் கணக்கில் 70 விழுக்காடு என்பது ஐரோப்பியக் கணக்கில் 80-ஐத் தாண்டியது.

இம்மொழிபெயர்ப்புக்கு ஓர் அகராதி வகுக்க, 2002-ல் சான் பிரான்சிஸ்கோ நகரில் வல்லுநர் கூடி ஆராய்ந்தனர்; முடிவுகள் 2003-ல் வெளியாயின. அதன்படி, மூளைக்குச் செல்லும் கிளையில் இரத்தத்தின் உச்ச வேகம் நொடிக்கு 125 சென்டிமீட்டருக்குக் குறைந்திருந்தால் குறுக்கம் 50 விழுக்காட்டுக்குக் கீழ். 125 முதல் 230 வரை இருப்பின் 50 முதல் 69 வரை. 230-க்கு மேற்பட்டால் 70 அல்லது அதற்கு மிகுதி. வேகத்தோடு படிவின் உருவத்தையும் பார்த்தே முடிவு கூற வேண்டும் என்றும் அவர்கள் வற்புறுத்தினர். காரணம் வெளிப்படை. கருவியின் கோணம் தவறினால் வேகம் தவறும். சுண்ணம் படிந்த இடம் நிழல் வீழ்த்தி உள்ளிருப்பதை மறைக்கும். மறுபுறத்து நாளம் அடைபட்டிருந்தால் இப்புறத்து நாளம் இருவர் சுமையைத் தாங்கி வேகமாக ஓடும். இதயம் தளர்ந்திருப்பின் எல்லா இடத்தும் வேகம் குறையும். இவற்றையெல்லாம் எடை போடுவது கருவியன்று; கருவியைப் பிடித்த கையும், அதன் பின்னுள்ள அறிவுமே.

அறிகுறியே இல்லாதவர்கள் இச்சோதனையைச் செய்துகொள்ளலாமா என்று பலர் வினவுவர். முன்னர்க் குறித்த 1995-ஆம் ஆண்டு ஆய்வில், 60 விழுக்காடும் அதற்கு மேலும் குறுக்கமிருந்தும் அறிகுறியற்ற மக்களுக்கு, ஐந்தாண்டுகளில் பக்கவாத அபாயம் 11 விழுக்காட்டிலிருந்து அறுவைச் சிகிச்சையால் 5.1 விழுக்காடாகக் குறைந்தது. நன்மை உண்டு, ஆனால் சிறிது. அதன் பின்னர்க் கொழுப்பையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கும் மருந்துகள் பெரிதும் மேம்பட்டுள்ளன. அறிகுறியற்ற பொதுமக்கள் அனைவரையும் இவ்வாறு சோதிக்க வேண்டா என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-ல் மீண்டும் பரிந்துரைத்தது. தேவையற்ற சோதனை தேவையற்ற கத்திக்கு வழி காட்டிவிடும் என்பதே அதன் கவலை.

ஆனால் அறிகுறி தோன்றியவர்களின் நிலை வேறு. ஒரு கண் திரையிட்டாற்போல் இருண்டு தெளிந்தாலும், ஒரு பக்கத்துக் கையோ காலோ சற்று நேரம் வலுவிழந்து மீண்டாலும், பேச்சுக் குழறிச் சீரானாலும் அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும். கடுங்குறுக்கம் கண்ட இத்தகையோருக்கு அறுவைச் சிகிச்சை இரண்டு வாரங்களுக்குள் நிகழ்ந்தால் பயன் மிகுதி என்பது ஆய்வுகள் காட்டிய முடிவு. தாய்நாட்டுக்குள்ளேயே வேற்று மொழி வழங்கும் ஊர்களில் வாழும் நம்மவர்க்கு இங்கு ஒரு தனிக் கடமையும் உண்டு. பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் முதியோர் தம் உடல்நிலையைத் தமிழில்தான் கூறுவர். கை மரத்ததா, வலுவிழந்ததா, நடுங்கியதா என்பன வெவ்வேறு செய்திகள். எந்தக் கண், எந்தக் கை, எத்தனை நிமிடம், எத்தனை மணிக்கு என்பவற்றையும் கேட்டறிந்து, அவ்வாறே மருத்துவரிடம் பெயர்த்துக் கூற வேண்டும். லக்வா என்னும் சொல் முகம் மட்டும் கோணும் வேறு ஒரு நோயையும் குறிப்பதுண்டு. ஆகையால் அச்சொல் ஒன்றோடு நிறுத்திவிடுதல் போதாது.

வலக் கண்ணும் இடக் கையும் என்று நோயாளி கூறிய சிறு செய்தியை ஃபிஷர் கேட்டு மதித்ததனாலேயே மருத்துவர்கள் கழுத்தை நாடினர். இன்று கருவி எத்துணை வளர்ந்திருப்பினும், அதனை எவர் கழுத்தில், எந்தப் பக்கத்தில், எவ்வளவு விரைவாக வைப்பது என்று முதலில் தெரிவிப்பது வீட்டிலிருந்து வரும் அச்செய்திதான்.